பத்திரமாய்ப் பூட்டிவைத்த மடிக்கணினி



கடந்த சனிக்கிழமை மாலை, மறுநாள் ஆராதனைக்கான ஆயத்தத்தில் நான் அமர்ந்திருந்தபோது, நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயார் தம் மகளுடன் வீட்டுக்கு வந்தார். மகன் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு ஒரு மடிக்கணினி வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவில் நாற்பதாயிரம் ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். "குழுத் தலைவிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சீக்கிரம் கிடைக்கும் ஐயா" என்றார்.

சொல்வதற்கு நான் ஆயத்தமாகவே இருந்தேன். ஆனாலும் ஒரு நினைவு உறுத்தியது. "உங்கள் மகளுக்கு அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்ததே, அம்மா?" என்று கேட்டேன்.

"அது செத்துப்போச்சு ஐயா. ஊரடங்கு சமயத்துல தம்பி படிக்கட்டும்னு எடுத்தோம். உயிரே வரல. கடையில காட்டினதுக்கு மதர்போர்டு போச்சுன்னு சொல்லிட்டாங்க. திரும்பவும் பீரோவுல வச்சுட்டேன்."

அதுவரை வாய் திறவாமல் நின்றிருந்த மகள் அப்பொழுது மெதுவாகச் சொன்னாள்: "ஒரு தடவை நான் பார்க்கட்டுமா ஐயா?"

அந்த மகள் நம் பகுதியிலுள்ள ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறாள். அங்கே அவளுடைய வேலை, பூட்டி முடிக்கப்பட்டு வரும் சார்ஜர்களைச் சோதித்து, நல்லதையும் பழுதானதையும் பிரித்து வைப்பது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானவை அவள் கை வழியாகச் செல்கின்றன. "பிறகு ஏன் இத்தனை நாள் இதைப் பார்க்கவில்லை, மகளே?" என்று கேட்டேன். "செத்துப்போச்சுன்னு சொன்னாங்க. என்னை யாரும் கேக்கலையே ஐயா" என்றாள்.

இவ்வாரச் சிந்தனையை அந்தப் பதிலிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன் நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். 2019-ஆம் ஆண்டு அந்த மடிக்கணினி அவள் கைக்கு வந்தபோது, அதே தாயார் என்னிடம் ஆலோசனை கேட்டார். பெண்பிள்ளை கையில் இதைக் கொடுத்துவைத்தால் கெட்டுப்போவாளோ என்று அவர் அஞ்சினார். "இப்போதைக்குப் பத்திரமாகப் பூட்டி வையுங்கள் அம்மா, காலம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்று சொன்னவன் நானே. இரண்டு மாதம் அவள் பயன்படுத்திய அந்தப் பொருள், தலையணை உறையில் சுற்றப்பட்டு, பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அவளோ கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.

தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளில் தொடங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் பிள்ளைகளின் கைகளுக்குச் சென்றன. அவற்றுள் பல படிப்புக்கும் பிழைப்புக்கும் வழிகாட்டின. ஆனால் வீடு சந்திக்கச் செல்லும்போது, பீரோவின் மேல்தட்டிலும் கட்டிலுக்கு அடியிலும் அவை உறங்குவதை நான் கண்டிருக்கிறேன். சேரப்பணஞ்சேரியில் மட்டுமல்ல, ஒரகடத்திலும் படப்பையிலும் கண்டிருக்கிறேன். கேட்டால், "சார்ஜ் ஏறல ஐயா", "ஆன் ஆகல ஐயா" என்பதே பதில்.

இனி அந்த மகள் செய்ததைச் சொல்கிறேன். அன்றிரவே அவள் மடிக்கணினியை எடுத்துவந்தாள். பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் தம்பியிடம் மல்டிமீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டாள். அவளுடைய முறையை நான் கூர்ந்து கவனித்தேன். அவள் மடிக்கணினியைத் தொடவேயில்லை, சுவரிலிருந்து தொடங்கினாள். முதலில் ஸ்விட்ச்போர்டில் என் கைபேசி சார்ஜரைச் செருகி, அங்கே மின்சாரம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. அடுத்து, சுவருக்கும் சார்ஜர் பெட்டிக்கும் இடையிலுள்ள மின்கம்பியைக் கழற்றி, என் மடிக்கணினியின் கம்பியை அவ்விடத்தில் மாட்டினாள். மாற்றமில்லை. பிறகு சார்ஜரின் மறுமுனையை மல்டிமீட்டரால் தொட்டாள். பெட்டியின் மேல் இருபது வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. மீட்டரோ சுழியம் காட்டியது. பெட்டியிலிருந்து கம்பி வெளிவரும் கழுத்துப் பகுதியை மெல்ல வளைத்தாள். மீட்டரில் இருபது தோன்றி மறைந்தது.

"இதோ இங்கதான் அறுந்திருக்கு ஐயா. பத்திரமா இருக்கட்டும்னு பெட்டியைச் சுத்தி இறுக்கிக் கட்டியிருக்காங்க. உள்ளே இருக்கிற செம்புக் கம்பி இத்தனை வருஷம் அதே மடிப்புல இருந்து ஒடிஞ்சு போச்சு."

மதர்போர்டு போனது என்று தீர்ப்பளிக்கப்பட்ட பொருளில் முதலில் வெளிப்பட்ட பழுது, ஒரு சாண் கம்பியில் இருந்தது.

என் மடிக்கணினியின் சார்ஜரை அதில் மாட்டலாமா என்று கேட்டேன். அவள் இரண்டின் மேலும் அச்சிட்டிருந்த எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தாள். வோல்ட் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையும் அதே வகையாக இருக்க வேண்டும் என்று விளக்கினாள். சில நிறுவனங்களின் சார்ஜர் முனைக்குள் ஊசிபோல் மெல்லிய கம்பி ஒன்று நடுவில் இருக்குமாம். மின்சாரத்தைக் கொண்டுசெல்வது அதன் வேலையன்று. இன்ன சார்ஜர் வந்திருக்கிறது என்று மடிக்கணினிக்கு அறிவிப்பதே அதன் வேலை. அது வளைந்துவிட்டால் மடிக்கணினி இயங்கும், ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. அதைப் பேட்டரியின் குற்றமென்று எண்ணிப் புதுப் பேட்டரி வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டாம்.

எங்கள் இரண்டு சார்ஜர்களும் பொருந்தின. மாட்டினோம், பொத்தானை அழுத்தினோம், ஒன்றும் நிகழவில்லை. தாயாரின் முகம் வாடியது. மகளோ அசையவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பொத்தானை முப்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தாள். உள்ளே தேங்கி நிற்கும் மின்னூட்டம் வடிந்து, சுற்றுகள் புதிதாகத் தொடங்க இது இடமளிக்கும் என்றாள். மறுபடி மாட்டி, அழுத்தினாள். விளக்கு எரிந்தது. விசிறி சுழன்றது. திரையில் எழுத்துத் தோன்றியது. ஓரத்திலிருந்த நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னால் இருந்தன. கடவுச்சொல் கேட்டபோது, 2019-ல் தான் வைத்த சொல்லை அவள் சற்றும் யோசியாமல் தட்டினாள்.

விளக்கும் விசிறியும் இயங்கி, திரை மட்டும் இருண்டிருந்தால், கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துத் திரையைப் பார்க்கச் சொன்னாள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் திரைக்குப் பின்னாலுள்ள ஒளியில்தான் பழுது, கணினி உயிரோடிருக்கிறது. எதுவுமே அசையாவிட்டால் மட்டும் பின்மூடியைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். அவரும் நினைவக அட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிப் பார்த்த பிறகே மதர்போர்டைப் பற்றிப் பேச வேண்டும். வெளியிலிருந்து உள்ளே, செலவற்றதிலிருந்து செலவுள்ளதற்கு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். தொழிற்சாலை அவளுக்குக் கற்பித்த ஒழுங்கு இது.

ஆனால் நற்செய்தி முழுமையானதன்று. மடிக்கணினி இயங்கியது, பேட்டரியோ சுழியத்திலேயே நின்றது. சார்ஜ் ஏறவேயில்லை. இதன் காரணத்தை நாம் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

இக்காலத்து மடிக்கணினிகளில் உள்ளது லித்தியம் அயனி பேட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய மூன்று அறிவியலாளர்களுக்கு 2019-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் பிள்ளை கையில் அந்த மடிக்கணினி வந்த அதே ஆண்டு. இந்தப் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்தாலும் சிறிது சிறிதாகத் தன் மின்னூட்டத்தை இழந்துகொண்டே இருக்கும். நிறைந்த நிலையில் ஒவ்வொரு கலத்திலும் ஏறத்தாழ 4.2 வோல்ட் இருக்கும். அது 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி நெடுநாள் கிடந்தால், உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. அந்நிலையில் மின்சாரத்தை மீண்டும் செலுத்தினால் உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே பேட்டரியோடு இணைந்திருக்கும் காவல்சுற்று, சார்ஜ் ஏற்றிக்கொள்ள மறுத்துவிடுகிறது. தகரக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில் வெந்துகிடக்கும் இரும்புப் பீரோ இந்த அழிவை இன்னும் விரைவுபடுத்தும்.

அந்தப் பேட்டரியை யாரும் தவறாகப் பயன்படுத்தவில்லை. யாருமே பயன்படுத்தாததால் அது கெட்டது. பாதி அளவு சார்ஜ் ஏற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து இயக்கியிருந்தால் அது பிழைத்திருக்கும். சார்ஜர் கம்பியையும் தளர்வாகச் சுற்றியிருந்தால் அது ஒடிந்திருக்காது. நாங்கள் காட்டிய அக்கறையே இரண்டையும் கெடுத்தது.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் உள்ள தாலந்துகளின் உவமையை நீங்கள் அறிவீர்கள். ஒரு தாலந்தைப் பெற்றவன் அதைச் சூதாடித் தொலைக்கவில்லை, குடித்து அழிக்கவில்லை. அச்சத்தினால் நிலத்தில் புதைத்தான். வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தான். இத்தனை ஆண்டுகளாக நான் அவனைச் சோம்பேறி என்று மட்டுமே பிரசங்கித்து வந்தேன். அந்தச் சனிக்கிழமை இரவுதான், அவனுக்கு ஆலோசனை சொன்ன ஒரு போதகரும் அவன் பக்கத்தில் நின்றிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது.

ஏனெனில், திரை திறந்தபின் அந்த மகளின் பழைய கோப்புகள் சில தெரிந்தன. பன்னிரண்டாம் வகுப்புக் குறிப்புகள், தட்டச்சுப் பயிற்சி, சேர விரும்பிய பட்டப்படிப்புகளின் பட்டியல். அவள் அவற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினாள். சார்ஜர் கம்பியை எழுநூறோ எண்ணூறோ ரூபாய்க்குள் சரிசெய்துவிடலாம். அந்த ஆண்டுகளை எந்தக் கடையில் கொடுத்துச் சரிசெய்வது?

என் கருத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன். நம் பெண்பிள்ளைகளின் பெயரில் வந்த கருவியை அச்சத்தினால் பூட்டிவைப்பது பக்தியன்று. பிள்ளை கெட்டுப்போவாள் என்ற பயம் இருந்தால், அவளோடு உட்கார்ந்து பேசுங்கள், கூடத்தில் வைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள், காலவரம்பு வையுங்கள். பீரோவின் சாவியை ஆலோசகராக்காதீர்கள். அப்படி ஆலோசனை சொல்லும் போதகரின் வார்த்தையையும் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவதாக, ஒன்றைச் செத்ததென்று சொல்வதில் நாம் மிகவும் விரைகிறோம். நம் ஸ்ரீபெரும்புதூரையே பாருங்கள். 2006-ல் நோக்கியா தொழிற்சாலை இங்கே தொடங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. 2014 நவம்பர் முதல் தேதியோடு அதில் உற்பத்தி நின்றது. அந்நாள்களில் நம் ஜெபக்கூட்டங்களில் சிந்தப்பட்ட கண்ணீரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இனி அவ்வளவுதான் என்றோம். 2019-ல் அந்த வளாகத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. சார்ஜர் செய்வதே அந்நிறுவனத்தின் தொழில். வேலையிழந்த எல்லாருக்கும் அதனால் வேலை திரும்பக் கிடைத்துவிடவில்லை; அந்தக் காயத்தை நான் சிறிதாக்கிப் பேசவில்லை. ஆனாலும் இருண்டுபோன கட்டடத்தைக் குறித்து நாம் அன்று சொன்ன கடைசி வார்த்தை, கடைசி வார்த்தையாக இல்லை.

மூன்றாவதாக, நம் நடுவிலுள்ள அறிவை நாம் மதிப்பதில்லை. 2007 முதல் டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் கணினிகளைத் தயாரித்து வருகிறது. கைபேசிகளும் சார்ஜர்களும் நம்மைச் சுற்றியுள்ள ஆலைகளில் உருவாகின்றன. அவற்றைப் பூட்டுகிறவர்களும் சோதிக்கிறவர்களும் நம் பிள்ளைகள். ஞாயிறுதோறும் அவர்கள் நமக்குப் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பாதிப்பேர் இரவு ஷிப்ட் முடிந்த களைப்போடு இருக்கிறார்கள். நாமோ முன்பின் தெரியாத கடைக்காரரின் ஒரு வார்த்தையை நம்பி நாற்பதாயிரம் கடன் வாங்கத் துணிகிறோம். வீட்டிலிருக்கும் மகளிடம் "நீ பார்" என்று சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பிழைப்பித்துவிடலாம் என்று பிடிவாதம் செய்வதும் ஞானமன்று. மடிக்கணினியின் அடிப்பாகம் உப்பியிருந்தால், விரலால் தடவும் பகுதி மேலெழும்பி நின்றால், உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். மழைநீரில் நனைந்த கணினியை இயக்கிப் பார்க்காதீர்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தியே கெடுத்துக்கொண்டவர்கள் நம்மில் உண்டு. பேட்டரியின் ஆபத்தைப் பெரிய நிறுவனங்களே அறிந்திருக்கின்றன. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், தீப்பிடிக்கும் அபாயம் கருதி, சோனி தயாரித்த 41 இலட்சம் மடிக்கணினிப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிழையை ஒப்புக்கொண்டு பொருளைத் திரும்பப் பெறுவது அவமானமன்று.

உண்மையாகவே முடிந்துபோன பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள். குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள். அதை உடைக்கிறவர் பெரும்பாலும் கையுறைகூட இல்லாத ஓர் ஏழைச் சகோதரர். 2022-ல் இந்திய அரசு பேட்டரிக் கழிவுக்கும் மின்னணுக் கழிவுக்கும் புதிய விதிகளை வெளியிட்டது. பயன்பாடு முடிந்தவற்றை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவற்றின்படி தயாரிப்பாளருக்கு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்திலோ ஒப்படையுங்கள்.

அந்த வீட்டில் முடிவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். உள்ளிருந்த பேட்டரியைத் தெரிந்த ஒருவர் கழற்றிவிட்டார். இப்போது அது சார்ஜர் மாட்டினால் மட்டும் இயங்குகிறது. மின்சாரம் போனால் அணைந்துவிடும். வேகம் குறைவுதான், ஆயினும் கட்டுரை எழுதவும் பாடம் பார்க்கவும் போதும். கடன் விண்ணப்பத்தைத் தாயார் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"அப்ப இனி இது தம்பிக்கு" என்று அவர் சொன்னபோது, மகள் தலைகுனிந்து நின்றாள். அவ்விடத்தில் நான் மௌனமாயிருந்தால், 2019-ல் செய்த பிழையை இரண்டாம் முறையும் செய்தவனாவேன். "இது யாருடைய பெயரில் வந்தது, அம்மா?" என்று கேட்டேன். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவளோடதுதான் ஐயா" என்றார். கல்லூரி நேரம் போக மாலையில் தம்பி. அவள் வாரவிடுமுறை நாளிலும், ஷிப்ட் இல்லாத வேளையிலும் அவள். இவ்வாறு பேசி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேருவது பற்றி அவள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். சேருவாளா, ஷிப்ட் இடங்கொடுக்குமா, இன்னும் தெரியாது. அவளுக்காக ஜெபியுங்கள்.

பிரியமானவர்களே, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சபைக் கூடத்தில் ஒரு மேசை போடப்படும். வீட்டில் உறங்கும் மடிக்கணினிகளையும் அவற்றின் சார்ஜர்களையும் கொண்டுவாருங்கள். அந்த மகளும், ஆலைகளில் வேலை செய்யும் நம் வாலிபர் இருவரும் பார்த்துச் சொல்வார்கள். உப்பியவற்றை மட்டும் கொண்டுவர வேண்டாம், எனக்குத் தெரிவியுங்கள். பழுது பார்க்கக் கூடியவை பழுது பார்க்கப்படும். முடிந்துபோனவை முறையாக ஒப்படைக்கப்படும். எந்தப் பிள்ளையின் பெயரில் அது வந்ததோ, அந்தப் பிள்ளையையும் உடன் அழைத்துவாருங்கள்.

அந்த மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க ஐயா" என்றாள். நல்லதுக்கென்று எண்ணியே நாம் பூட்டிவைத்தவை இன்னும் எத்தனை வீடுகளில் உள்ளனவோ! அவற்றைத் திறக்கும் தைரியத்தைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.